பிளாஷ் அடிக்காமல் யாரும் இறங்க மாட்டார்கள்

வைகாசி 8, வியாழன். காலையிலிருந்து தூறல்.

இல்ல புஷ்பம், நான் அப்பிடிச் சொல்லல. புது கேமரா வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? பழசு ரெண்டையும் குடுத்துட்டு ஒன்னு வாங்குனா, அந்த ஒன்னு யாரு கையில இருக்கும்னுதான் கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லாம பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுறது என்ன நியாயம்? ஹல்துமுல்லையில இருக்கிற ஒன் தங்கச்சிக்கு கேமராவப் பத்தி என்ன தெரியும்? அவ புருசன் போன்ல படம் எடுத்தாலே பாதித் தலைய வெட்டிருவான்.

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். பெண்சாதி போன பிறகு கோப்பி குடிக்கும்போதுதான் நல்ல பதிலெல்லாம் வருகிறது. மறந்துபோகாமல் இருக்க இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வந்ததும் இப்படியே சொல்ல வேண்டும்.

(எழுதக் கை கடுக்கிறது. இனி புஷ்பம் = பு.)

போன ஞாயிறு தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். வழக்கம்போல நானும் பு.வும். ஆளுக்கு ஒரு கேமரா. பெண்ணுக்குச் சோடிக்கிற அறைக்குள் ஆம்பிளை போக முடியாது, அங்கே அவள். மாப்பிள்ளைப் பக்கம் நான். தாலி கட்டும்போது நேர் முன்னால் நான், பக்கத்திலிருந்து அவள். முப்பது வருசமாக இப்படித்தான்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் புதிதாக வந்திருக்கிற யாழ்ப்பாணத்துக் குருக்கள், கோயிலுக்குள் பிளாஷ் அடிக்க விடுவதில்லை. உள்ளே ஒரு டியூப் லைட். நாலு குத்துவிளக்கு. மிச்சமெல்லாம் மேகம். பழைய கேமராவை அந்த இருட்டுக்கு ஏற்றிப் பிடித்தால் படம் முழுக்கப் புள்ளி. பெண்ணின் அம்மா வந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏண்ணே, புள்ள மூஞ்சில ரவையக் கொட்டுன மாதிரி இருக்கே.”

நான் சிரித்துச் சமாளித்தேன். பு. சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரே பேச்சு. நவ்ஷாத் கடையில் புதுசு ஒன்று வந்திருக்கிறதாம். இருட்டிலும் பளிச்சென்று விழுமாம். பழையது இரண்டையும் மாற்றினால் வாங்கிவிடலாமாம்.

மத்தியானம் நேற்றுக் குழம்பு. உப்பு கூட. குறை சொல்ல வீட்டில் ஆளில்லை.


வெள்ளி. மழை விட்டது. குளிர் விடவில்லை.

பதுளை டவுனுக்குப் போனேன். தைக்கக் கொடுத்த செருப்பு இன்னும் ஆகவில்லை. பிறகு நவ்ஷாத் கடை.

“வாங்கண்ணே. அக்கா எங்க? அக்கா வந்தா யாவாரம் நடக்கும். நீங்க வந்தா கததான் நடக்கும்.”

“அக்கா கோச்சுக்கிட்டுப் போயிட்டா. ஒன் கேமராவாலதான். நீ வந்து சோறாக்கிக் குடு.”

கடைக் கதவைப் பாதி இழுத்து மூடி, விளக்கை அணைத்துவிட்டுக் காட்டினான். மூலையில் அவன் வாப்பா நாற்காலியில் சாய்ந்து தூக்கம். எடுத்தான். சத்தமே இல்லை. எடுத்தானா இல்லையா என்றே தெரியவில்லை. கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் வாப்பாவின் தாடி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக.

“பாருங்க, வாப்பா முழிக்கவே இல்ல.”

“அவரு எப்ப முழிச்சாரு? கடையத் தூக்கிக்கிட்டுப் போனாலும் தூங்குவாரு.”

“நான் முழிச்சுத்தான் ஈக்கேன்” என்றது மூலை.

விசாரித்ததைக் கடையிலேயே ஒரு துண்டில் குறித்தேன்.

நல்லது:
இருட்டில் புள்ளி விழாது.
சத்தம் கிடையாது. குருக்களுக்குப் பிரச்சினை இல்லை.
மனிசர் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். பச்சைச் சதுரம் ஒன்று வந்து கண்ணில் உட்காரும்.
பாரம் குறைவு. பு.வுக்குத் தோள் வலி.

கெட்டது:
பழைய லென்சு நேராக ஏறாது. நடுவில் ஒரு வளையம் வாங்கிப் போட வேண்டும்.
பேட்டரி சீக்கிரம் இறங்கும்.
கேமரா ஒன்று. நாங்கள் இரண்டு பேர்.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். நவ்ஷாத் என்ன நினைத்தானோ, “அண்ணே, யோசிக்காதீங்க. ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்குக் கொண்டு போங்க. எடுத்துப் பாத்துட்டு எப்பிடி ஈக்குன்னு வந்து செல்லுங்க” என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். நல்ல பையன். வாப்பாவைப் போல இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.


சனி. கொஞ்சம் வெயில், கொஞ்சம் மேகம்.

பு. பத்து மணி பஸ்ஸில் வந்தாள். ஒரு பை பேரிக்காய். முகத்தில் கோபம் பாதி தேய்ந்து போயிருந்தது. மேசையைப் பார்த்தாள்.

“இது யாரோடது?”

“பக்கத்து வீட்டுக்காரி குடுத்தா. நீ போனதும் ஆறுதல் சொல்ல வந்தா.”

“அவ ஒங்களுக்கு கேமரா குடுப்பாளா. செருப்பாலதான் குடுப்பா.”

வியாழன் எழுதி வைத்த பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கேமராவைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்த முகத்தைப் பார்த்ததும் பதில் மறந்துபோனது. இருக்கட்டும்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழகிவிட்டாள். எனக்கு எந்த பட்டனைத் தொட்டாலும் வேறு ஏதோ வருகிறது. குசினிக் கதவை மூடி என்னை அடுப்புப் பக்கம் உட்காரவைத்து எடுத்தாள். நெருப்பு வெளிச்சம் மட்டும்தான். மூக்குக்குள் இருக்கிற மயிர்கூடத் தெரிகிறது.

“இவ்வளவு தெளிவு எதுக்குடி?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன். ஒங்களுக்கு அந்தப் பழைய கேமராதான் நல்லது. மறச்சுக் காட்டுச்சு.”

நாளைக்கு அப்புத்தளையில் கல்யாணம். புதுசு யார் கையில் என்று பெரிய பேச்சுவார்த்தை. முடிவு: பெண் வீட்டு லயத்தில் சோடிக்கும்போது அவள். கோயிலில் நான். மண்டபத்தில் மேடைக்கு மறுபடி அவள். கோயிலையும் கேட்டுப் பார்த்தாள். விடவில்லை. தாலி கட்டுகிற அந்த ஒரு படத்துக்காகத்தான் நான் கல்யாணத்துக்கே போகிறேன். மிச்சமெல்லாம் சாப்பாட்டுக்கு.


ஞாயிறு. அப்புத்தளை. மேகம் மண்ணோடு மண்ணாக. ஆட்டோக்காரன் லைட்டைப் போட்டுக்கொண்டே வந்தான்.

இப்போது வீடு. காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

லயத்துக் காம்பிரா. சின்ன அறை, ஒரு பல்பு, ஜன்னலைச் சாத்திவிட்டார்கள், உள்ளே பத்துப் பொம்பிளைகள். நான் வெளியே வாசலில் மாப்பிள்ளை வீட்டார் யார் யார் என்று விசாரித்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் பு. உள்ளே பிளாஷ் அடித்தால் பெண் முகம் மைதா மாவு மாதிரி வெளுத்துவிடும். இன்று வெளியே வந்ததும் கேமராவை நீட்டிக் காட்டினாள். பல்பு வெளிச்சத்தில் பெண் காதுக்குத் தோடு மாட்டுகிறது. சித்தி சேலைக் கொசுவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு மடிக்கிறாள். இருக்கிறது இருக்கிறபடி. நன்றாக இருந்தது. “பரவால்ல” என்று மட்டும் சொன்னேன். அதிகம் சொன்னால் பிறகு பிடிக்க முடியாது.

கோயில். அதே குருக்கள்.

“ஐயா, போன முறையும் சொன்னனான். உள்ளுக்கு பிளாஷ் அடிக்கப்படாது.”

“அடிக்கலைங்க சாமி. இன்னைக்கு கேமராவுல சத்தம்கூட வராது.”

“கேமராவில வராட்டியும் நீங்கள் கதைக்கிற சத்தம் வருமே.”

ஐயர் தேறிவிட்டார். இரண்டு கல்யாணத்தில் என்னைப் படித்துவிட்டார்.

மணவறையைச் சந்நிதிக்கு நேர் முன்னால் போட்டிருந்தார்கள். திரை விலகியிருந்தது. அம்மனுக்குப் புதிதாக வெள்ளிக் கண்மலர் சாத்தியிருந்தார்கள், விளக்கில் தகதக என்று. கெட்டிமேளம். சனமெல்லாம் அரிசியோடு நெருங்கியது. நான் முன்னால் மண்டி போட்டேன். பச்சைச் சதுரம் வந்தது. அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கினேன். தாலி ஏறிவிட்டது. ஓரத்திலிருந்து பு. பழைய கேமராவில் டக் டக் என்று எடுக்கிற சத்தம் கேட்டது. பாவம் என்று நினைத்தேன்.

பிறகு பார்த்தால்.

ஒவ்வொரு படத்திலும் அம்மன் பளிச். கண்மலரில் இருக்கிற வேலைப்பாடுகூடத் தெரிகிறது. முன்னால் இரண்டு பேர் மங்கலாக, யாரோ எவரோ. கண்ணைத் தேடுகிற கேமரா. அந்தக் கோயிலில் பெரிய கண் யாருக்கு? சரியாகத்தான் பிடித்திருக்கிறது. நான்தான் சதுரம் எங்கே நிற்கிறதென்று பார்க்கவில்லை.

ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அதற்குள் பெண்ணின் அம்மா வந்துவிட்டார்.

“தாலி கட்டுனது விழுந்துச்சாண்ணே?”

மறைக்க முடியவில்லை. காட்டினேன். அவர் கிட்டக் குனிந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆத்தா முன்னுக்கு வந்து நின்னுட்டாளே.”

“ஆமாங்க” என்றேன். “நாங்க இவுங்களத்தான் எடுத்தோம். அவ வந்துட்டா.”

சாமி அறைக்கு இந்தப் படம் பெரிதாக ஒன்று வேண்டுமாம். பு. எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். செருப்புப் போடும் இடத்துக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

“பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும். அதுவும் கோயில்ல.”

“நான் ஆமாங்கன்னுதான் சொன்னேன்.”

“ஆல்பத்துக்கு என்ன பண்ணுவீங்க?”

கேட்டுவிட்டு அவளே தன் கேமராவை நீட்டினாள். அவள் எடுத்தது. புள்ளி இருக்கிறது, ரவையும் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் கை, தாலிக் கயிறு, பெண்ணின் குனிந்த கழுத்து, எல்லாம் இருக்கிறது. அதைத்தான் ஆல்பத்தில் வைக்க வேண்டும். தாலிப் படம் அவளுடையது. இதுதான் முதல் தடவை.

மண்டபம், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். பேசினபடி புதுசு பு. கையில். நான் நல்லபிள்ளையாகப் பந்திக்குப் போய்விட்டேன். இரண்டாவது வடை கடிக்கும்போது மாப்பிள்ளைத் தோழன் ஓடி வந்தான்.

“அண்ணே, மேடைக்கு வாங்க. சனம் எறங்க மாட்டேங்குது.”

போய்ப் பார்த்தால் வரிசை வாசல் தாண்டி மேகத்துக்குள் போய் நிற்கிறது. மேடையில் பெண்ணின் தாய்மாமன், மனைவி, மக்கள், எல்லாரும் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ.

“எடுத்தாச்சுங்க, நீங்க எறங்கலாம்” என்கிறாள் பு.

“எங்க எடுத்தீங்க? வெளிச்சமே வரலையே.”

“இந்த கேமராவுக்கு வெளிச்சம் வேணாங்க.”

“எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வெளிச்சம் வேணாமா?”

பு. கேமராவின் கண்ணாடியில் படத்தைக் காட்டினாள். தப்பு. மாமன் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி தேடினார். பார்த்தார். மனைவி பார்த்தார். பிள்ளைகள் பார்த்தார்கள். அடுத்து ஏறிய கிழவி பரிசுக்குக் கொண்டுவந்த தேநீர்க் கேத்தல் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அடிக்கட்டும், அப்புறம் எறங்குறேன்” என்று நின்றாள். வெளியே சனத்தை ஏற்றிவந்த லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். மாப்பிள்ளை எனக்குக் கண்ணைக் காட்டுகிறார். பு.வின் முகம் சிவந்துபோயிருந்தது. கையில் கேமராவோடு அவள் அப்படி நின்றதை முப்பது வருசத்தில் நான் பார்த்ததில்லை.

எங்கள் சனத்துக்கு மேடை ஏறினால் ஒரு கணக்கு: பரிசைக் கொடு, நில்லு, பிளாஷ், இறங்கு. பிளாஷ் வராவிட்டால் படமும் இல்லை, இறக்கமும் இல்லை. நவ்ஷாத்துக்கும் தெரியாது, கேமரா செய்தவனுக்கும் தெரியாது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வடைக் கையைத் துடைத்துவிட்டுப் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். பளீர் என்று ஒன்று.

“மாமா, முடிஞ்சுது. எறங்குங்க. மாப்பிள்ளைக்குக் காலு வலிக்குது. இன்னைக்கே வலிச்சா எப்பிடி?”

மேடை சிரித்தது. மாமன் இறங்கிவிட்டார். கிழவிக்கு ஒன்று பளீர்.

“பாட்டி, கேத்தல குடுத்துட்டுப் போங்க. திருப்பி வீட்டுக்குக் கொண்டு போயிராதீங்க.”

“போடா, ஒன் வாயில கொள்ளிய வைக்க” என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

அப்புறம் மடமடவென்று. நான் நடுவில் பளீர், பு. ஓரத்தில் சத்தமில்லாமல். வரிசை மண்டபத்துக்குள் வந்துவிட்டது. மூன்றாவது வடை கிடைக்கவில்லை.


திங்கள். வெயில். உடுப்பெல்லாம் வெளியே.

டீவியில் மாட்டிப் படங்களைப் பார்த்தோம். முதலில் என்னுடையது. எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி. பிறகு பு. எடுத்தது. அதே மேடை, அதே ஆட்கள். ஆனால் கிழவி பொக்கை வாயோடு சிரிக்கிறாள். பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறது. தாய்மாமன்கூட, அந்த விறைத்த மனிசன், பல்லைக் காட்டுகிறார். எல்லாப் படத்திலும் எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள்.

“எங்க பாக்குறாங்க எல்லாரும்?”

“எங்க பாப்பாங்க. ஒங்க வாயத்தான்.”

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறைத்துக்கொண்டேன். அவள் பேரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“ரெண்டையும் குடுக்க வேணாங்க. ஒன்னக் குடுப்போம். என் சீட்டு எடுத்து மிச்சத்தக் கட்டிருவோம். பழையது ஒன்னு இருக்கட்டும், பிளாஷ் அடிச்சு ஆள எறக்க.”

“அப்ப நான் எடுக்குற படம்?”

“எடுங்க. யாரு வேணாம்னா?”

“உள்ளுக்கு மெமரி கார்டு போடணுமா?”

“போட்டா போடுங்க.”

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். பிறகு சட்டை காயப்போடும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடை போகட்டும். மேடையில் நான் வாயால் பிழைத்துக்கொள்வேன். கோயிலில் வாயைத் திறந்தால் ஐயர் துரத்துவார், பிளாஷும் அடிக்க முடியாது. அங்கே பழைய கேமராவோடு நான் என்ன செய்வது? பக்கவாட்டில் நின்று அரிசி போடலாம்.

செருப்பு இன்றும் ஆகவில்லையாம்.


செவ்வாய். பின்னேரம் மழை.

இரண்டு பேருமாகக் கடைக்கு. நவ்ஷாத் பு.வைப் பார்த்ததும் தேநீர் சொன்னான். நான் தனியாகப் போனால் தேநீர் கிடையாது.

எதைக் கொடுப்பது? என்னுடையதை எடுத்தேன். பு. வேண்டாமென்றாள். அதில்தான் பிளாஷ் இறுக்கமாக உட்கார்கிறதாம், அவளுடையதில் ஆடுகிறதாம். தன்னுடையதை வாரோடு கழற்றி வைத்தாள். வைத்த பிறகு ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

“பில்லு யாரு பேருல, அண்ணே?”

நவ்ஷாத் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் தேநீரைப் பார்த்தோம்.

“கேமராவையே கேளு” என்றேன். “கண்ணத் தேடிப் பிடிக்குமே. யாரு கண்ணப் பிடிக்குதோ அவுங்க பேருல எழுது.”

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவன் உண்மையிலேயே எங்களுக்கு நேரே பிடித்தான். நான் கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றேன். பச்சைச் சதுரம் எங்கள் நடுவால் போய் மூலையில் வாப்பாவிடம் நின்றதாம்.

“எம் பேருல எழுதாதே, நான் காசு தர மாட்டேன்” என்றார் கண்ணைத் திறக்காமல்.

பு. சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. பில் அவள் பேரில்தான். நானே சொன்னேன். சீட்டும் அவளுடையதுதானே.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். மடியில் பெட்டி. வீடு வரும்வரை மூடியைத் திறப்பதும் மூடுவதும்.


புதன். நல்ல வெயில். மலையெல்லாம் துடைத்த மாதிரி.

காலையிலேயே போன். ஆவணியில் பசறைப் பக்கம் கல்யாணம். கோயிலில்தான். குருக்கள் யார் என்று கேட்டேன். அவரேதான்.

பு. வாசலில் பாய் விரித்து, புது வாரை மாட்டி நீளம் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உயரத்துக்குத்தான் வைத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேரிக்காய் ஒன்றை நறுக்கிக் கொடுத்தேன். வாங்கித் தின்றாள். நல்ல சகுனம்.

“சதுரத்த வெரலால நகத்தலாமாமே” என்றேன்.

“ஆமா. நான் நகத்தியாச்சு.”

“எனக்கும் காட்டு.”

காட்டினாள். நகர்த்தினேன். மாமரத்துக்கு, கிணற்றுக்கு, அவள் மூக்குக்கு. வேலை செய்கிறது. தைரியம் வந்தது.

“புஷ்பம், இங்க பாரு. லயத்துல நீயே எடு. மேடையிலயும் நீயே எடு. நான் பிளாஷ அடிச்சுக்கிட்டு, சனத்த எறக்கிக்கிட்டு, கார்டு இல்லாமக்கூட நிக்கிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அன்னைக்கு அம்மன் கண்ணப் பிடிச்சது எனக்கு வெவரம் தெரியாம. இப்பத் தெரிஞ்சு போச்சு. அதனால, தாலி கட்டுற அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் கேமராவ எங்கிட்ட...”

இவ்வளவுதான் சொன்னேன். பின்பக்கம் கோழி கத்தியது. பு. எழுந்து தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே.